அடிமாட்டு விலைக்குப் போன நிலம்: ஹாலேயில் 1706-இல் நடந்த ஒரு சட்டச் சண்டை

கி.பி. 285, அக்டோபர் 28. பேரரசர் தியோக்ளேதியன் பெயரில் அவுரேலியுஸ் லூபுஸ் என்ற குடிமகனுக்கு ஒரு பதில் போகிறது. அவர் என்ன முறையிட்டார் என்பதைப் பதிலை வைத்தே ஊகிக்க வேண்டும். அவரோ அவருடைய தந்தையோ ஒரு நிலத்தை விற்றிருக்கிறார்கள். அது அடிமாட்டு விலைக்குப் போயிருக்கிறது. இப்போது திரும்ப வேண்டும் என்கிறார்.

பதில் சின்னது. அதிக மதிப்புள்ள ஒன்றை நீயோ உன் தந்தையோ குறைந்த விலைக்கு விற்றிருந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நீதிபதி வழியாக நிலத்தை மீட்டுக்கொள்வதே மனிதத்தன்மை. அல்லது, வாங்கியவர் விரும்பினால் நியாய விலைக்குக் குறைகிற தொகையை அவர் கட்டிவிடலாம். சரி, 'குறைந்த விலை' என்றால் எவ்வளவு குறைவு? உண்மை விலையில் பாதிகூடக் கொடுபடவில்லை என்றால்தான் அது குறைந்த விலை.

அவ்வளவுதான். பேரரசர் ஜஸ்டினியன் 534-இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்புச் சட்டத்தொகுப்பில், 'விற்பனையை முறிப்பது பற்றி' என்ற தலைப்பின் கீழ் இது இரண்டாவது பத்தியாக உட்கார்ந்தது. ஆகவே பின்னால் வந்த வழக்கறிஞர்கள் இதை 'இரண்டாம் சட்டம்' என்றே அழைத்தார்கள். இந்தச் சில வரிகளிலிருந்து வளர்ந்த கோட்பாட்டின் பெயர் லேசியோ எனோர்மிஸ். தமிழில் 'பெருநட்டம்' என்று சொல்லலாம். ஜெர்மானியர்கள் இன்னும் நேராக, 'பாதிக்கு மேற்பட்ட பாதிப்பு' என்றார்கள்.

1706-இல் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்தியான் தொமாசியுஸ் இந்த ஒரு பத்தியைக் குறிவைத்து ஒரு லத்தீன் ஆய்வுரையை வெளியிட்டார். தலைப்பே வம்புக்கு இழுப்பதுதான்: இரண்டாம் சட்டத்தின் 'மூளையில் முளைத்த நியாயம்' பற்றியும், நடைமுறையில் அதன் பயன் பற்றியும். ஒப்பந்தச் சட்டத்தில் ஜெர்மன் சட்ட அறிஞர்கள் அந்த நூற்றாண்டுகளில் எப்படி வேலை செய்தார்கள் என்பதைப் பார்க்க இதைவிட நல்ல ஜன்னல் எனக்குத் தெரியவில்லை.

கடிதம் சட்டமான கதை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். செவ்வியல் ரோமச் சட்டம் விலைப் பேரத்தில் தலையிடவே இல்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் அதிக மதிப்புள்ளதைக் குறைந்த விலைக்கு வாங்குவதும், குறைந்த மதிப்புள்ளதை அதிக விலைக்கு விற்பதும், இப்படி ஒருவரையொருவர் மடக்கப் பார்ப்பதும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டது என்று பவுலுஸ் என்ற சட்ட அறிஞர் எழுதியிருக்கிறார். அதுவும் ஜஸ்டினியனின் தொகுப்புக்குள்ளேயேதான் இருக்கிறது. ஏமாற்று, மிரட்டல், விற்றவர் வயது குறைந்தவர் என்றால் கதை வேறு. வெறும் மலிவு மட்டும் ஒரு காரணமாகாது.

இதே தலைப்பின் கீழ் 293-ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு பதிலும் உண்டு. அவுரேலியா எவோடியா என்ற பெண்ணுக்குப் போனது. அவர் சம்மதத்தோடு மகன் நிலத்தை விற்றிருக்கிறார், பிறகு விலை போதாது என்று மனக்குறை. வாங்கியவரின் சூழ்ச்சியை நிரூபிக்க வேண்டும், விலை சற்றுக் குறைவு என்பது மட்டும் போதாது என்று பதில் சொல்கிறது. அங்கேயும் கடைசியில் ஒரு விதிவிலக்கு வருகிறது: விற்ற நேரத்தில் இருந்த நியாய விலையில் பாதிக்கும் கீழே கொடுக்கப்பட்டிருந்தால் தவிர. 'விற்ற நேரத்தில் இருந்த' என்ற சொற்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

ஆக, மூல நூல்களில் இந்த விதிக்கு இருக்கும் ஆதாரம் இரண்டே இரண்டு தனிக் கடிதங்கள். இரண்டும் நிலம் விற்றவர்களுக்கு எழுதியவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் போலோஞாவில் ரோமச் சட்டத்தை மறுபடி படிக்கத் தொடங்கிய உரையாசிரியர்கள் கையில் அது ஊதிப் பெருத்தது. விற்றவருக்கு உண்டென்றால் வாங்கியவருக்கும் உண்டுதானே? நிலத்துக்கு உண்டென்றால் மற்றப் பொருளுக்கு? குத்தகைக்கு? பண்டமாற்றுக்கு? பாகப்பிரிவினைக்கு? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று போய்க்கொண்டே இருந்தது.

வாங்கியவருக்கு நீட்டியபோது ஒரு கணக்குச் சண்டை வந்தது. நியாய விலை 100 என்றால், 50-க்குக் கீழே விற்றவர் நட்டப்பட்டவர். வாங்கியவர் எப்போது நட்டப்பட்டவர்? 150-ஐத் தாண்டினாலா, 200-ஐத் தாண்டினாலா? பாதி விலை கூடுதலாகக் கொடுத்ததே பாதிப்பு என்று ஒரு கட்சி. விற்றவர் பாதிகூடப் பெறவில்லை என்பதற்கு நேர் எதிர், வாங்கியவர் இரட்டிப்புக்கு மேல் கொடுத்ததுதான் என்று இன்னொரு கட்சி. சில நூறு ஆண்டுகள் இதை எழுதித் தள்ளியிருக்கிறார்கள். விதியில் வாங்குபவரின் நட்டத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை என்பதைச் சண்டைச் சத்தத்தில் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

திருச்சபையும் தன் பங்குக்கு இதை ஏற்றுக்கொண்டது. மூன்றாம் அலெக்சாண்டர், மூன்றாம் இன்னொசென்ட் ஆகிய போப்புகளின் தீர்ப்புக் கடிதங்கள் வழியாக இது 1234-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் நுழைந்தது. நியாய விலையிலிருந்து எவ்வளவு விலகினாலும் பாவம்தான், மனிதச் சட்டம் பாதிக்கு மேற்பட்டதை மட்டும் தண்டிக்கிறது என்று இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். மனசாட்சிக்கு ஓர் அளவுகோல், நீதிமன்றத்துக்கு ஓர் அளவுகோல். இந்தப் பிரிவை இன்னொரு விதமாகத் திருப்பித்தான் தொமாசியுஸ் அடித்தார்.

ஜெர்மன் நீதிமன்றத்தில் இது ஓடிய விதம்

1495-இல் அமைந்த ஜெர்மானியப் பேரரசின் உயர்நீதிமன்றம் பொதுச்சட்டப்படி, அதாவது பல்கலைக்கழகங்களில் கற்பித்த ரோமச் சட்டப்படி, தீர்ப்பளிக்க வேண்டும் என்று வந்தபின், ரோமச் சட்டம் ஜெர்மன் நாடுகளில் நடைமுறைச் சட்டமாகவே ஆனது. உள்ளூர் வழக்கம் இருந்தால் அது முதலில், இல்லாத இடத்தில் ரோமச் சட்டம். இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஓடிய அந்தக் கலவைக்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், தொமாசியுஸின் மூத்த சக பேராசிரியர் சாமுவேல் ஸ்ட்ரிக் 1690 முதல் வெளியிட்ட நூலின் தலைப்பு: 'பாண்டெக்டுகளின் நவீனப் பயன்பாடு'. பாண்டெக்டுகள் என்பது ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த ரோமச் சட்ட அறிஞர்களின் எழுத்துகள்.

பேராசிரியர் என்றால் வகுப்பெடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் இல்லை, அந்தக் காலத்தில். சிற்றூர் நீதிமன்றங்களில் சட்டம் படித்தவர்கள் குறைவு. சிக்கலான வழக்கு வந்தால் கட்டுக் கட்டாகக் கோப்பைக் கட்டி ஏதாவது ஒரு பல்கலைக்கழகச் சட்டப் பீடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பீடம் படித்து, ஓட்டெடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு தீர்ப்பை எழுதி அனுப்பும். எனவே ஆய்வுரை எழுதும் கையும் தீர்ப்பு எழுதும் கையும் ஒன்றுதான். தொமாசியுஸின் வாழ்க்கையைத் திருப்பியதும் அப்படி வந்த ஒரு கோப்புதான். 1694-இல் ஒரு சூனிய வழக்கு ஹாலேக்கு வந்தது. பழைய சட்ட மேதைகளின் நூல்களைப் புரட்டிச் சித்திரவதைக்குப் பரிந்துரைத்தார் தொமாசியுஸ். சக பேராசிரியர்கள் மறுத்தார்கள். அந்த வெட்கத்திலிருந்துதான் சூனியக் குற்றத்தை மறுத்து 1701-இல் வந்த அவருடைய புகழ்பெற்ற ஆய்வுரை பிறந்தது. இதை அவரே பின்னாளில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பெருநட்ட வழக்கு எப்படி ஓடியிருக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பண்ணை 450 தாலருக்கு விற்கப்பட்டது. விற்றவர் பின்னால் வந்து, அது 1,000 தாலர் பெறும் என்கிறார். நிரூபிக்கும் பாரம் அவருடையது. நிரூபித்துவிட்டால் முடிவெடுக்கும் உரிமை வாங்கியவர் கைக்குப் போகிறது: பண்ணையைத் திருப்பிக் கொடுத்து 450-ஐ வாங்கிக்கொள்வதா, 550 மேலும் கட்டிப் பண்ணையை வைத்துக்கொள்வதா? இதே பண்ணை 510-க்கு விற்கப்பட்டிருந்தால் விற்றவருக்கு ஒன்றுமே கிடையாது. 60 தாலர் வித்தியாசத்தில் ஒருவர் 550 பெறுகிறார், இன்னொருவர் வெறுங்கையோடு போகிறார். இந்தச் செங்குத்துச் சரிவு எனக்கு எப்போதும் உறுத்தும்.

முப்பதாண்டுப் போர் (1618–1648) நடந்த பூமி இது. 1619-லிருந்து 1623 வரை நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக் குறைத்துப் பணத்தின் மதிப்பே கரைந்துபோன காலமும் உண்டு. படை வந்து போன கிராமத்தில் வயலின் 'உண்மை விலை' எவ்வளவு? அமைதி திரும்பி விலை ஏறிய பிறகு வழக்குப் போட்டால் எந்த ஆண்டின் விலையைப் பார்ப்பது? எவோடியாவுக்குப் போன கடிதத்தின் 'விற்ற நேரத்தில்' என்ற சொற்கள் இங்கேதான் கைகொடுத்தன. ஆனால் விற்ற நேரத்து விலையைப் பல ஆண்டு கழித்து யார் சொல்வது? சாட்சி, மதிப்பீட்டாளர், பக்கத்து வயல் போன விலை என்று வழக்கு நீளும். எழுதிக்கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, 'பாதிக்கு மேற்பட்ட பாதிப்பு என்ற வாதத்தைக் கைவிடுகிறேன்' என்று ஒரு வரியைக் கிரயப் பத்திரத்திலேயே சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தக் கைவிடல் செல்லுமா என்று அப்புறம் தனியாக ஒரு சண்டை.

வெறும் வாக்கு வென்ற காலம்

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் தொமாசியுஸின் கோபம் புரியாது.

ரோமச் சட்டத்தில் வெறும் ஒப்புதலிலிருந்து வழக்கு பிறக்காது. விற்பனை, குத்தகை போன்ற சில வகைகளுக்கு மட்டும் ஒப்புதல் போதும். மற்றவற்றுக்கு ஒரு சடங்குச் சொல்லோ பொருள் கைமாறலோ வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்தாளர்கள் இந்த விதியை ஓரம்கட்டிவிட்டார்கள். இங்கே வழக்கம் வேறு, வாக்குக் கொடுத்தால் கட்டுப்பட்டவன்தான் என்றார்கள். திருச்சபைச் சட்டம் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. 'கடன் வாங்கியவனோ வாக்குக் கொடுத்தவனோ அதைத் தீர்க்கவேண்டும்' என்ற பொருளில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் சாக்சன் சட்ட நூலான சாக்சன்ஷ்பீகலில் வரும் வரியும் உள்ளூர்ச் சான்றாகக் கிடைத்தது. 1625-இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸும் 1672-இல் ஜெர்மன் சட்ட அறிஞர் புஃபென்டோர்ஃபும் இயற்கைச் சட்டம் என்ற மேடையிலிருந்து இதையே சொன்னார்கள்.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. மனிதனின் ஒப்புதல்தான் கட்டுப்பாட்டை உண்டாக்குகிறது என்றால், அவன் ஒப்புக்கொண்ட விலையை எதை வைத்துத் திருத்துவது? குரோஷியஸும் புஃபென்டோர்ஃபும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. ஒப்புதலே அடிப்படை என்றார்கள். கொடுக்கல் வாங்கலில் சமநிலை வேண்டும் என்றும் கூடவே சொன்னார்கள். புஃபென்டோர்ஃபின் மாணவர் என்றே தன்னைச் சொல்லிக்கொண்ட தொமாசியுஸ் ஆரம்பத்தில் அதே வழியில்தான் போனார்.

ஹாலேக்காரர்

தொமாசியுஸ் 1655-இல் லைப்சிக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை யாக்கோப் தொமாசியுஸ், தத்துவ அறிஞர் லைப்னிட்சுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர். ஓடர் ஆற்றங்கரைப் பிராங்பர்ட்டில் சட்டம் படித்து 1679-இல் பட்டம் பெற்றார். லைப்சிக்குத் திரும்பி 1687-இல் ஒரு வேலை செய்தார்: தன் சொற்பொழிவை ஜெர்மன் மொழியில் நடத்துவதாக ஜெர்மன் மொழியிலேயே அறிவித்தார். லத்தீன் மட்டுமே ஒலித்த வளாகத்தில் அது எப்படி எடுபட்டிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். இறையியலாளர்களோடு தொடர்ந்து மோதியதில் 1690-இல் பாடம் நடத்தவும் எழுதவும் தடை வந்தது. பிராண்டன்பர்க் ஆட்சிக்குட்பட்ட ஹாலேக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே 1694-இல் பல்கலைக்கழகம் முறைப்படி தொடங்கியது. ஸ்ட்ரிக்கும் அங்கே வந்திருந்தார். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு ஜெர்மன் சட்டப் படிப்பின் தலைமை இடம் அதுதான்.

அவருடைய ஆயுதம் ஒன்றே ஒன்று: ஒரு விதியைப் பார்த்தால், அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்பது. இதைக் கற்றுக்கொடுத்தவர் அவருக்கு முந்தைய தலைமுறையின் ஹெர்மன் கொன்ரிங். பேரரசர் லோதார் ஆணையிட்டு ரோமச் சட்டத்தை ஜெர்மனியில் புகுத்தினார் என்ற நம்பிக்கை வெறும் கட்டுக்கதை என்று கொன்ரிங் 1643-இல் காட்டியிருந்தார். ஆணை எதுவும் இல்லை, பழக்கத்தால் வந்தது என்றால், ஒவ்வொரு விதியையும் 'நீ இங்கே உண்மையில் பழக்கத்தில் இருக்கிறாயா?' என்று தனித்தனியாகக் கேட்கலாம். தொமாசியுஸ் 1703-இல் சேத வழக்குச் சட்டத்தைப் பிடித்து அப்படிக் கேட்டார். நீதிமன்றத்தில் அக்குவிலியச் சட்டம் என்ற பெயரில் உலாவுவது உண்மையில் அந்த ரோமச் சட்டமே இல்லை, அது வெறும் முகமூடி என்றார். 1705-இல் சித்திரவதை. 1706-இல் நம்முடைய இரண்டாம் சட்டம்.

1706: குற்றச்சாட்டு

'மூளையில் முளைத்த நியாயம்' என்பது அவர் உண்டாக்கிய சொல் அல்ல. சட்டத்தில் வேர் இல்லாமல் நீதிபதியின் மண்டைக்குள் மட்டும் தோன்றும் நியாய உணர்வை இடைக்காலத்திலிருந்தே வழக்கறிஞர்கள் இப்படிக் கேலி செய்தார்கள். புதுமை என்னவென்றால், அந்தக் கேலியை நீதிபதியை விட்டுவிட்டுச் சட்டத்தின் மேலேயே அவர் ஏவினார். 'மனிதத்தன்மை' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பேரரசுப் பதிலின் மனிதத்தன்மையே போலி என்பதுதான் குற்றச்சாட்டு.

முதல் அடி விலையின் மேல். ஒரு பொருளுக்குள் எடை இருப்பதுபோல விலை இருப்பதில்லை. மனிதர்கள் அதை எப்படி மதிக்கிறார்கள் என்பதில்தான் விலை இருக்கிறது. அப்படியானால் இருவர் ஒத்துக்கொண்ட விலைக்குப் பின்னால் 'உண்மை விலை' என்று இன்னொன்று ஒளிந்திருப்பதாகச் சொல்வது பொருளற்றது. ஒருவருக்கு அந்த வயல் அப்பா உழுதது, அதனால் இரட்டிப்பு கொடுக்கிறார். இன்னொருவருக்கு அது தூரத்தில் கிடக்கும் சுமை, பாதிக்குத் தள்ளிவிடுகிறார். இதில் யார் யாரைக் காயப்படுத்தினார்கள்?

ஒரு விலக்கை அவர் ஒத்துக்கொள்வார்: அரசே விலை வைத்திருந்தால் அதுதான் விலை. நமக்கு 'நியாய விலை' என்றதும் ரேஷன் கடைப் பலகை ஞாபகம் வருகிறது இல்லையா? கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பலகையில் எண் எழுதுவது அரசு. பலகை இல்லாத இடத்தில் எண்ணை எழுத வாங்குகிறவரையும் விற்கிறவரையும் தவிர ஆள் இல்லை. வேடிக்கை என்னவென்றால், லூபுஸுக்குப் பதில் போட்ட அதே தியோக்ளேதியன்தான் 301-இல் நூற்றுக்கணக்கான பொருட்களுக்கும் கூலிகளுக்கும் உச்சவரம்பு விதித்து ஆணையிட்டவர்.

இரண்டாவது அடி வரலாற்றின் மேல். எனக்கு இதுதான் அதிகம் பிடித்த பகுதி. பவுலுஸ் போன்றவர்கள் பேரத்தை அப்படித் திறந்துவிட்டிருக்க, தியோக்ளேதியன் காலத்தில் திடீரென்று இது எங்கிருந்து வந்தது? நான்காம் நூற்றாண்டுப் பேரரசர்களின் ஆணைகள் 438-இல் தியோடோசியஸின் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. அங்கே, வயது வந்த ஒருவர் நிலத்தை விற்றுவிட்டு 'விலை குறைவு' என்று திரும்பி வரக்கூடாது என்று மறுபடி மறுபடி சொல்லப்படுகிறது. 'பாதிக்குக் கீழே போனால் தவிர' என்ற வால் எங்கும் இல்லை. அப்படியானால் அந்த வால் பின்னால் ஒட்டப்பட்டது, ஜஸ்டினியனின் தொகுப்பாளர்கள் பழைய கடிதத்துக்குள் தங்கள் காலத்து எண்ணத்தைச் செருகிவிட்டார்கள் என்பது அவருடைய சந்தேகம். மூல நூலில் இடைச்செருகல் தேடும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஒரு தனித் தொழிலாகவே மாறியது. இவர் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முன்னால் நிற்கிறார்.

மூன்றாவது அடி நடைமுறையின் மேல். இந்த விதி ஜெர்மன் மண்ணில் உண்மையில் வேர்விட்டதா? பழைய ஜெர்மானியச் சட்டங்களுக்கு இது அந்நியம் என்பதில் சந்தேகமில்லை. எட்டாம் நூற்றாண்டின் பவேரியச் சட்டமே, மலிவு விலைக்கு விற்றுவிட்டேன் என்று சொல்லி விற்பனையை முறிக்கக் கூடாது என்கிறது. நீதிமன்றங்கள் நாள்தோறும் இந்த விதியைப் பயன்படுத்துகின்றன என்பதை அவர் மறுக்க முடியாது. ஆனால் பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்ததால் நீதிபதிகள் செய்கிறார்கள், நீதிபதிகள் செய்வதால் பேராசிரியர்கள் 'பழக்கத்தில் உள்ளது' என்று எழுதுகிறார்கள் என்ற சுழலுக்குப் பழக்கம் என்று பெயர் வைக்க அவருக்கு மனம் இல்லை.

முந்தைய ஆண்டு, 1705-இல், அவர் தன் இயற்கைச் சட்ட நூலைப் புதிதாக எழுதியிருந்தார். அதில் நீதி, நன்னெறி, பண்பு என்று மூன்றைப் பிரித்தார். வற்புறுத்தி வாங்கக்கூடியது நீதி மட்டும். மற்ற இரண்டும் நல்லவைதான், ஆனால் நீதிமன்றத்துக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு 1706-ஐப் படித்தால் எல்லாம் பொருந்துகிறது. வறியவனிடம் பாதி விலைக்கு வாங்காதிருப்பது நன்னெறி. அதைச் சட்டமாக்கியது எல்லை மீறல். அக்குவினாஸ் ஒரே அறத்தைப் பாவம், குற்றம் என்று அளவால் பிரித்தார். தொமாசியுஸ் அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் சுவரே எழுப்பிவிட்டார்.

எங்கே வலு, எங்கே ஓட்டை

வரலாற்று வாதத்தில் அவர் கை ஓங்கியிருக்கிறது என்றாலும் முழு வெற்றி இல்லை. தியோடோசியஸின் தொகுப்பு கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்துதான் தொடங்குகிறது. 285-ஆம் ஆண்டுக் கடிதம் அதில் இல்லாதது இயல்பே, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அவருக்கு உதவுவது, பின்வந்த பேரரசர்கள் அப்படி ஒரு விலக்கே தெரியாதவர்கள்போலப் பேசுவதுதான். அது பலமான சான்று, முடிந்த முடிவு அல்ல. ரோமச் சட்ட ஆய்வாளர்கள் இன்றும் இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு கடிதம் என்பதால் லூபுஸுக்கு மட்டும் காட்டிய தனிச் சலுகையாகவும் அது இருக்கலாம் என்பாரும் உண்டு.

விலை வாதத்தில்தான் ஓட்டை பெரிது. ஒத்துக்கொண்டதே விலை என்கிறார், சரி. ஆனால் ஒத்துக்கொண்ட நிலைமை என்ன? படை கிராமத்தைத் தின்றுவிட்டுப் போன பிறகு, விதைக்கு நெல்லில்லாமல் வயலை விற்பவன் தலையாட்டுவதும், வசதியாக உட்கார்ந்து ஓவியம் வாங்குபவர் தலையாட்டுவதும் ஒரே தலையாட்டலா? ஏமாற்றும் மிரட்டலும் இருந்தால் வேறு வழக்கு உண்டு என்பது பதில். பசி ஏமாற்றுவதும் இல்லை, கத்தியைக் காட்டுவதும் இல்லை. விலை பாதிக்குக் கீழே போவது பல நேரங்களில் ஏதோ கோளாறு நடந்ததற்கான அடையாளம் என்பதைப் பழைய விதி முரட்டுத்தனமாகவேனும் உணர்ந்திருந்தது. அதன் தப்பு, அடையாளத்தையே நோயாக எடுத்துக்கொண்டது. தொமாசியுஸ் அது நோய் இல்லை என்று நிரூபித்தார், அடையாளத்தையும் சேர்த்துத் தூக்கிப்போட்டார். அவர் மூன்றாகப் பிரித்ததன் விலை அது என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு வந்த விதம்

நீதிமன்றங்கள் உடனே அவர் பின்னால் ஓடவில்லை. 1756-இன் பவேரியச் சட்டத்தொகுப்பு பெருநட்டத்தை வைத்துக்கொண்டது. கவனிக்கவேண்டியது பிரஷ்யா. அங்கே 1794-இல் வந்த பொதுச் சட்டம், விலைக்கும் மதிப்புக்கும் பொருத்தமில்லை என்ற முறையீடு மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கப் போதாது என்று முதலில் தொமாசியுஸின் குரலில் பேசுகிறது. அடுத்த பிரிவிலேயே, விலை மதிப்பின் இரட்டிப்பைத் தாண்டினால், வாங்கியவர் தவறாகப் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்ற அனுமானம் எழும் என்கிறது. லூபுஸ் விற்றவர். இந்தச் சலுகையோ வாங்கியவருக்கு மட்டும். விதியின் தலைகீழ்ப் பிம்பம் இது. ஆனாலும் ஒரு முக்கியமான நகர்வு இங்கே நடந்துவிட்டது: பொருந்தாத விலை இனி அநியாயம் இல்லை, ஒப்புதலில் கோளாறு இருந்ததற்குச் சான்று.

பிரான்சில் காகிதப் பணம் மதிப்பிழந்து, எந்த விற்பனையும் பெருநட்ட விற்பனையாகத் தோன்றிய 1795-இல் விதியை ஒழித்தார்கள். 1804-இன் சட்டத்தொகுப்பில், நெப்போலியனும் விவாதத்தில் ஆதரித்துப் பேச, அது திரும்பி வந்தது. நிலம் விற்றவருக்கு மட்டும், பன்னிரண்டில் ஏழு பங்குக்கு மேல் இழந்திருந்தால். ஆஸ்திரியாவில் 1811-இல் இரண்டு தரப்புக்கும், பழைய பாதிக் கணக்கோடு வந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அடுத்த பிரிவில், பொருளின் மேல் உள்ள தனிப்பட்ட ஆசையால்தான் கூடுதல் விலைக்கு எடுத்தேன் என்று சொன்னவர் இந்த உரிமையைக் கேட்க முடியாது என்று ஒரு விலக்கு உண்டு. அப்பா உழுத வயல் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

நம் பக்கத்திலும் இரண்டு தடங்கள். டச்சுக்காரர் விட்டுப்போன ரோம-டச்சுச் சட்டத்தின் வழியே இலங்கையில் நில விற்பனை வழக்குகளில் லேசியோ எனோர்மிஸ் என்ற பெயர் இன்றும் அடிபடும். இந்தியாவின் 1872 ஒப்பந்தச் சட்டம் வேறு வழியில் பிரஷ்யா வந்த இடத்துக்கே வந்தது. ஈடு குறைவு என்பதாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் ஒப்புதல் சுதந்திரமாகக் கொடுக்கப்பட்டதா என்று பார்க்கும்போது அந்தக் குறைவை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்று 25-ஆம் பிரிவின் இரண்டாவது விளக்கம் சொல்கிறது.

ஜெர்மனியில் 1861-இன் வணிகச் சட்டம் வணிக நடவடிக்கைகளில் பாதிக்கு மேற்பட்ட பாதிப்பு என்ற வாதத்தை வெளிப்படையாக விலக்கியது. 1900-இல் நடைமுறைக்கு வந்த உரிமையியல் சட்டத்தொகுப்பு அதை முழுதாகவே கைவிட்டது. அதற்குப் பதில் 138-ஆம் பிரிவில், அடுத்தவரின் இக்கட்டையோ அனுபவமின்மையையோ சுரண்டி மிகப் பொருந்தாத ஆதாயம் பெறும் ஒப்பந்தம் செல்லாது என்று எழுதப்பட்டது. பொருந்தாமை மட்டும் போதாது, சுரண்டலும் வேண்டும். தொமாசியுஸ் இருந்திருந்தால் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஆனால் சுரண்டும் எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. ஒரு தரப்பு கொடுத்தது மறுதரப்பு கொடுத்ததைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றால், பழிக்கத்தக்க எண்ணம் இருந்ததாக அனுமானிக்கலாம் என்று நில விற்பனை வழக்குகளில் தீர்ப்புகள் வந்தன. 'கிட்டத்தட்ட' என்றால் எவ்வளவு என்ற கேள்வி 2014-இல் வந்தபோது, 90 சதவீத வித்தியாசத்திலிருந்துதான் (100 பெறுவதற்கு 190 கொடுத்தால்) அனுமானம் தொடங்கும் என்று நீதிமன்றம் கோடு போட்டது. லூபுஸுக்குப் போன கடிதத்தில் இருந்த எண்ணுக்கு மிக அருகில்.